கூரையில் பதினொன்று

தெலுக் கும்பாருக்கு மேலே
டுரியான் தோட்டம் முடிகிற சரிவில் எங்கள் சுடுதளம்.
எட்டுத் தடம். எதிரே மண்மேடு. மேலே தகரம்.
தகரத்தில் பதினொரு ஓட்டை.

மழை வந்தால் பதினொரு பெயிண்ட் வாளி.
வெயில் அடித்தால் சிமெண்டுத் தரையில்
வெளிச்சச் சில்லறை பத்து சிதறிக் கிடக்கும்.
பதினொன்றாவது தரைக்கு வராது.
மதியம் சாயச் சாய அவை ஊர்ந்து போய்
சுடுகிறவர்களின் சப்பாத்தில் ஏறும்.
யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அடுத்த மாதம் அடைத்துவிடலாம் என்பார் முதலாளி ஓங்.
அடுத்த மாதமும் அதையே சொல்வார்.

ஒவ்வொன்றுக்கும் ஆள் யாரென்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் தடத்துக்கு மேலே இருப்பது
வங்கிக்காரர் ஒருவருடையது.
சுட்ட தோட்டாவின் கொதிக்கிற கூடு
எகிறிச் சட்டைக் காலருக்குள் விழுந்துவிட்டது.
ஆடினார் பாருங்கள்,
தண்ணீர்மலைக் காவடிகூட அப்படி ஆடாது,
விசையிலிருந்து விரலை மட்டும் எடுக்காமல்.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே நெருங்கி இருக்கிற இரண்டும்
கல்யாணப் படம் எடுக்க வந்த ஜோடி.
ஒன்று அவன். ஒன்று அவள்.
நிறுத்து என்று நான் கத்தியபோது
காதுமூடியை விலக்கி, என்ன, என்றாள் சிரித்தபடி.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து
ஒரு பேருந்து நிறைய வந்தார்கள், ஒற்றுமை நாள் என்று.
வாரம் ஆறு நாள்
மயிரிழை பிசகாமல் சில்லு பதிக்கிற விரல்கள்.
ஒரே மத்தியானத்தில் நான்கு.
குறித்தாள் மட்டும் அப்படியே இருந்தது,
பள்ளி திறந்த முதல் நாள் நோட்டுப் புத்தகம் மாதிரி.

நேற்று யுகேந்திரன்.
மூன்றாவது முறை வருகிறான், எல்லாம் தெரியும் அவனுக்கு.
எப்படிக்கா என் குறி, என்று திரும்பினான்.
கையும் திரும்பியது.
கையில் இருந்ததும் திரும்பி
என் தொப்புளைப் பார்த்து அதையே கேட்டது.

காலிதான்க்கா, என்றான்.

காலி.
இந்த வேலையில் நான் அஞ்சுகிற ஒரே சொல்.
ஒன்றுமில்லை என்றும் பொருள்,
ஆள் முடிந்தது என்றும் பொருள்.
எதைச் சொன்னான் என்று கேட்க நேரமில்லை.
மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தினேன்.
மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்தேன்.
சுண்டுவிரலில் பாதி இருக்கும்,
ஒரு தோட்டா துள்ளி விழுந்து
உருண்டு
அவன் கைபேசியில் முட்டி நின்றது.

ஸாரிக்கா.
கை தவறி டம்ளர் உடைத்தவன் சொல்வானே, அதே ஸாரி.

நான் திட்டவில்லை.
விதி எண் ஒன்றை மட்டும் வாசிக்கச் சொன்னேன்.
வாசித்தான், சத்தமாக, நல்ல உச்சரிப்பு.
என் கை அப்போது நடுங்கவில்லை.
ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் சாவி போட முடியாமல்
நாலு தரம் தடவினேன்.

பதினொன்றாவது.

அது எந்தத் தடத்துக்கும் மேலே இல்லை.
உள்ளறையில், துப்பாக்கி அலமாரிக்கு நேர் மேலே.
வாடிக்கையாளர் அங்கே வரக்கூடாது.
அதன் வெளிச்சம் அலமாரிக் கதவில் விழுந்து
பூட்டுக்கு அருகே கொஞ்ச நேரம் நிற்கும்.
ஓங் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.
ஆணி கழன்றிருக்கும் என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆளில்லாத நேரம்.
ஒரு கையில் எண்ணெய்த் துணி.
ஒன்பது வருட அனுபவம் எனக்கு.
அந்தச் சொல்லை வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை,
மனசுக்குள் நினைத்தேன், அவ்வளவுதான்.
சத்தம் அடங்கின பிறகும்
குரங்குகள் வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தன.

இப்போது மலைப்பக்கம் கறுக்கிறது.
அலமாரிக்கான வாளியைத்தான் முதலில் எடுக்கிறேன்.
கைபேசியில் யுகேந்திரன்:
ஞாயிறு இரண்டாம் தடம் கிடைக்குமாக்கா?

கிடைக்கும்.
பழைய சப்பாத்துப் போட்டு வா.
அங்கே ஒழுகும்.